'மர்ம ஸ்தானம்' யாருக்கு மர்மம்?

நமது நாட்டில் ஒரு பெண் கர்ப்பமானாள் என்றால் அவளைச் சுற்றி நடக்கும் ஆர்ப்பாட்டத்திற்குக் குறைவே இல்லை. நாள் பார்க்கின்றார்கள், நட்சத்திரம் பார்க்கின்றார்கள், ஏழாம் மாதம் என்றும் ஒன்பதாம் மாதம் என்றும் வளையல் அடுக்குகின்றார்கள், ஐந்து வகைச் சோறு ஆக்கிப் போடுகின்றார்கள், கிரகணம் வந்தால் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகின்றார்கள். கொஞ்சம் சாஸ்திரம் தெரிந்த வீடாக இருந்துவிட்டால் புரோகிதரை அழைத்துப் பும்ஸவனம், சீமந்தம் என்று இரண்டு சடங்கு வேறு. முன்னது பிறக்கப்போவது ஆணாக இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்வது. பின்னது அவளுடைய தலை வகிட்டைப் பிரித்துவிடுவது. இத்தனை சடங்கிலும், அவள் வயிற்றிலிருக்கும் பாரத்தைக் கீழிருந்து தாங்கி நிற்பது எது, பிள்ளை வெளிவரும்போது அதற்கு என்ன நேருகின்றது, அதைப் பலப்படுத்துவது எப்படி என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லுகிற சடங்கு ஒன்றாவது உண்டா என்று கேட்கின்றோம்.

சில வாரங்களுக்கு முன் ஆரம்பாக்கம் போயிருந்தோம். சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் ஊர் அது. கிழக்கே போனால் பழவேற்காட்டு ஏரி. ஏரிக்கரை நெடுகக் குப்பங்கள். ஏரியில் வலை கட்டும் இடத்தைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' என்கிற ஏற்பாடு இந்த ஏரியில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகின்றது. சண்டை சச்சரவைக் குறைக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் தலைக்கட்டுக் கணக்கு என்பது ஆண்களுக்கு மாத்திரமே. பெண்ணுக்கு ஏரியில் பாடு கிடையாது. கரைக்கு வந்த மீனைத் தரம் பிரிப்பதும், கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு விற்கப்போவதும், சில வகுப்புப் பெண்கள் தண்ணீரில் இறங்கிக் குனிந்து வெறுங்கையாலேயே இறால் தடவிப் பிடிப்பதுமாகிய மற்றொரு 'பாடு' மாத்திரம் அவர்களுக்கு வேண்டிய மட்டும் உண்டு.

நம்முடன் வந்த தோழியர் ஒருவர் பல வருஷம் பிரசவ வார்டில் செவிலியாக வேலை பார்த்தவர். ஒரு குப்பத்தில் கர்ப்பிணிப் பெண்கள் நாலைந்து பேரும், அவர்களுடைய தாயார் மாமியார்களும் ஒரு திண்ணையில் கூடியிருந்தார்கள். நாம் சற்று எட்ட உட்கார்ந்துகொண்டோம். "இருமும்போதோ பாரம் தூக்கும்போதோ சிறுநீர் கசிகின்றதா?" என்று தோழியர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "ஆம்பளைங்க இருக்கச் சொல்லோ இன்னாம்மா கேள்வி இது?" என்று ஒரு கிழவியம்மாள் கோபித்துக்கொண்டார். நாம் எழுந்து ஏரிப் பக்கம் போய்விட்டோம். அரைமணி கழித்துத் திரும்பி வந்தபோது தோழியர் சொன்னது இதுதான். இருந்தவர்களில் பாதிப் பேருக்குமேல் கசிவு உண்டு. இரண்டாவது பிள்ளையைச் சுமக்கும் ஒரு பெண், "கூடையத் தூக்கினா சேலை நனைஞ்சிடுது. மீன் தண்ணின்னு சொல்லிக்குவேன்" என்றாராம். கோபித்துக்கொண்ட கிழவியம்மாளே கடைசியில், தமக்கு அடி இறங்கிப் பல வருஷமாயிற்றென்றும், உள்ளே தள்ளிவிட்டுத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் சந்தைக்குப் போவதென்றும் சொன்னாராம். "யாராண்ட சொன்னீங்க?" என்று கேட்டதற்கு, "யாராண்ட சொல்றது? மானம் போவாதா?" என்பது பதில். எந்தக் குப்பம், யார் என்று எழுதக் கூடாது என்ற நிபந்தனையின்மேல் இதை எழுதுகின்றோம்.

மானம்! பிள்ளைகளைப் பெற்று, அவற்றை வளர்க்க ஆயுசு முழுதும் கூடை சுமந்து, அதனால் உடம்பு தளர்ந்துபோன ஒரு பெண், தன் உடம்பின் தளர்ச்சியை வைத்தியரிடம் சொன்னால் போய்விடக்கூடிய மானம் எப்பேர்ப்பட்ட மானம் என்பதை வாசகர்கள் யோசிக்கவேண்டும். கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவனுக்குக் குடல் இறங்கினால் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகின்றான். ஊரார் போய்ப் பார்த்துவிட்டு வருகின்றார்கள். பெற்றவளுக்குக் கர்ப்பப்பை இறங்கினால் அது குடும்ப ரகசியம்!

நிற்க, சங்கதிக்கு வருவோம். முன்புறத்து இடுப்பெலும்பிலிருந்து பின்புறத்து வாலெலும்பு வரை, தூளி கட்டியதுபோல ஒரு தசைக் கூட்டம் ஒவ்வொரு மனிதருக்கும் இருக்கின்றது. இடுப்புத்தளத் தசை என்பார்கள். பெண்ணுக்கு மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகிய மூன்றும் இந்தத் தூளியின்மேல் இருக்கின்றன. மூன்றின் வாசலும் இதன் வழியாகத்தான். கர்ப்ப காலத்தில் பிள்ளையின் பாரம் நாளுக்கு நாள் இதன்மேல் ஏறுகின்றது. உடம்பில் ஊறும் சில சுரப்புகள் பிரசவத்திற்கு வழிவிடுவதற்காக இதை இளக்கியும் விடுகின்றன. பிரசவத்தின்போதோ, இதன் நடுப்பகுதி தன் நீளத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் இழுபடவேண்டியிருக்கின்றது என்று 2004-ல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் கணினி மாதிரி ஒன்றைக் கொண்டு கணக்கிட்டார்கள். கையிலோ காலிலோ ஒரு தசையை அவ்வளவு இழுத்தால் அறுந்தே போகும். இது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றது. சிலருக்குக் கிழிகின்றது, பலருக்குத் தளர்கின்றது. வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் முழு உண்மையல்ல. ஒன்பது மாதம் சுமந்ததே ஒரு பாரந்தான்.

இந்தத் தசைக்கு மூன்று வேலை. உறுப்புகளைத் தாங்குவது ஒன்று. சிறுநீரையும் மலத்தையும் அடக்கி, வேண்டும்போது விடுவது இரண்டு. கலவியில் பெண்ணுக்கு இன்பம் உண்டாவதில் இதன் சுருக்கமும் தளர்வும் சேர்ந்திருப்பது மூன்று. நம்முடைய அபிப்பிராயம் என்னவென்றால், இந்த மூன்றாவது வேலை ஒன்றிற்காகவே முதல் இரண்டு வேலைகளும் சேர்த்து மூடிப் புதைக்கப்பட்டுவிட்டன என்பதுதான். பெண்ணுக்குப் பிள்ளை வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளுகின்றார்கள். புருஷனுக்கு இன்பம் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்ளுகின்றார்கள். பெண்ணுக்கும் இன்பம் உண்டு, அது அவளுடைய உடம்பின் பலத்தோடு சேர்ந்தது என்று சொல்ல ஆரம்பித்தால் மாத்திரம் சமூகத்தின் தூண் ஆட ஆரம்பித்துவிடுகின்றது. ஆகவே அந்த இடத்திற்கே 'மர்ம ஸ்தானம்' என்று பேர் வைத்து மூடிவிட்டார்கள். யாருக்கு மர்மம்? ஆணுக்கு மர்மமா? கவி பாடுகிறவனுக்கும் கோயில் தூணில் சிற்பம் செதுக்குகிறவனுக்கும் அதில் ஒரு மர்மமும் இருந்ததில்லை. அந்த உறுப்புக்கு உரியவள் ஒருத்திக்கு மாத்திரமே அது மர்மம்!

இது நம் நாட்டுப் புத்தி மாத்திரமும் அல்ல. இந்த இடத்துக்குப் போகும் நரம்புக்கு மேல்நாட்டு வைத்தியர்கள் 'புடெண்டல்' என்று இலத்தீனில் பேர் வைத்திருக்கின்றார்கள். அதற்கு 'வெட்கப்படத்தக்க இடத்தது' என்று பொருள். நரம்புக்குமா வெட்கம்?

ஆனால் மேல்நாட்டார் பேரை மாற்றாவிட்டாலும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். 1936-ல் லண்டனில் மார்கரெட் மாரிஸ் என்ற நாட்டிய ஆசிரியை, செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி ராண்டெல் அம்மையாருடன் சேர்ந்து, பிரசவித்த பெண்கள் இந்தத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியைப் புத்தகமாகவே எழுதினார். 1948-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து டாக்டர் ஆர்னால்ட் கெகல், தசையின் பலத்தை அளக்க ஒரு கருவியும் செய்து, பயிற்சி முறையை வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் அதற்குக் 'கெகல் பயிற்சி' என்று பேர். முந்திச் சொன்னவர் பெண். பேர் கிடைத்தது ஆணுக்கு. அது போகட்டும்.

பலன் உண்டா என்றால், உண்டு. 2020-ல் காக்ரேன் குழுவினர் 21 தேசங்களில் 10,000-க்கு மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த 46 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கசிவு காணுமுன்பே, கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பயிற்சியை ஆரம்பித்தவர்களுக்குக் கடைசி மாதங்களில் கசிவு உண்டாகும் அபாயம் 62 சதவிகிதம் குறைவு. பிள்ளை பிறந்த மூன்று முதல் ஆறு மாதத்தில் 29 சதவிகிதம் குறைவு. கசிவு வந்துவிட்ட கர்ப்பிணிக்கு இதே அளவு பலன் உண்டென்று அவர்கள் உறுதி சொல்லவில்லை. அதனால்தான் முந்திச் சொல்லவேண்டும் என்கின்றோம். நனைந்த பிறகு குடை கொடுப்பதில் என்ன பெருமை? இங்கிலாந்தின் சுகாதார வழிகாட்டு நிலையம் 2021-லேயே கர்ப்பிணிகள் எல்லோரையும் இதைச் செய்யத் தூண்டவேண்டும் என்று விதித்துவிட்டது.

செய்வது எப்படி என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுவோம். சிறுநீர் கழித்துவிட்டு, உட்கார்ந்தோ ஒருக்களித்துப் படுத்தோ, காற்றுப் பிரிவதையும் சிறுநீர் வருவதையும் ஒரே சமயத்தில் அடக்குவதுபோலக் கீழிருந்து மேலே இழுக்கவேண்டும். தொடையையும் பிட்டத்தையும் இறுக்கக் கூடாது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஆறு முதல் எட்டு எண்ணும்வரை வைத்திருந்து, பிறகு முழுதும் தளரவிட வேண்டும். முழுதும் தளரவிடுவது இழுப்பதைப் போலவே முக்கியம். பிள்ளைக்கு வழிவிடத் தெரிந்த தசைதான் நல்ல தசை. எந்நேரமும் இறுகிக் கிடந்தால் கலவியில் வலி உண்டாகும். இப்படி எட்டுத் தடவை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். இருமலோ தும்மலோ வரும்போதும், கூடையைத் தூக்குமுன்பும் ஒரு தரம் இழுத்துக்கொள்ள வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது கூடாது. வலி இருந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரைப் பார்க்கவேண்டும். இதற்கு ஒரு காசு செலவில்லை, மீன் தரம் பிரித்துக்கொண்டே செய்யலாம், பக்கத்திலிருப்பவருக்கும் தெரியாது.

இதைச் சொன்னதும் ஒரு பண்டிதர், "இது என்ன புதுமை? எங்கள் ஹடயோகத்தில் மூலபந்தம் என்று அன்றே சொல்லியிருக்கிறது" என்று சொல்லக்கூடும். சொல்லியிருக்கின்றதுதான். குதிகாலை வைத்து அழுத்தி, ஆசனவாயைச் சுருக்கி, அபானனை மேலே இழு என்றும், கிழவனும் வாலிபனாவான் என்றும் ஹடயோகப் பிரதீபிகையில் இருக்கின்றது. நாம் கேட்பது இவ்வளவுதான். அவ்வளவு நல்ல வித்தையை, காட்டில் உட்கார்ந்து வாலிபனாகத் துடிக்கும் யோகிக்குச் சொன்னவர்கள், பத்துப் பிள்ளை பெற்று அடி தள்ளிக் கிடந்த தங்கள் தாயாருக்கு ஏன் சொல்லவில்லை? இன்றைக்கும் பட்டணங்களில் 'கர்ப்ப ஸம்ஸ்காரம்' என்று மந்திரம் ஓதிக் காசு வாங்குகிறவர்கள், வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குப் புத்தி புகட்டுவதாகச் சொல்லுகின்றார்களே ஒழிய, வெளியே இருக்கும் தாய்க்கு அவள் உடம்பைப் பற்றிய புத்தியைச் சொல்லுகின்றார்களா?

இனிக் கலவியைப் பற்றியும் சொல்லவேண்டும். முகத்தைச் சுளிக்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். கர்ப்பிணி விஷயத்தில் நம் வீடுகளில் இரண்டு சட்டம் நடக்கின்றன. மாமியார் சட்டம் ஒன்று. கர்ப்பம் தரித்தது முதல் புருஷன் பக்கத்தில் போகக் கூடாது, பிள்ளைக்கு அடிபடும் என்பது. புருஷன் சட்டம் மற்றொன்று. தாலி கட்டியவன் கூப்பிட்டால் மறுக்கக் கூடாது என்பது. இரண்டு சட்டத்திலும் அந்தப் பெண்ணைக் கேட்பது என்பது இல்லை. வைத்தியம் சொல்லுவது வேறு. சிக்கலில்லாத கர்ப்பத்தில் கலவியால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. பனிக்குடமும் கர்ப்பப்பைச் சுவரும் அதைக் காக்கின்றன. நஞ்சு கீழே இறங்கியிருந்தாலும், ரத்தப்போக்கு இருந்தாலும், பனிக்குடம் உடைந்திருந்தாலும், முன்கூட்டியே பிரசவமாகும் அறிகுறி இருந்தாலும் கூடாது. மற்றப்படி, அவளுக்கு விருப்பமிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சில மாதம் விருப்பம் குறையும், சில மாதம் மிகும்; அது அவள் குற்றமுமல்ல, ஒழுக்கக்கேடுமல்ல. வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல அவளுக்கு வாய் இருக்கின்றது. கேட்க அவனுக்குக் காது இருக்கவேண்டும். பிள்ளை பெற்ற பிறகும் புண் ஆறி, அவள் மனம் வந்த பிறகுதானே ஒழிய, நாற்பதாம் நாள் தீட்டுக் கழிந்துவிட்டது என்று பஞ்சாங்கம் பார்த்து அல்ல.

இதில் சர்க்காரின் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவில்கூட, பதினெட்டு வயது நிறைந்த மனைவியை அவள் சம்மதமின்றிப் புருஷன் சேர்ந்தால் அது பலாத்காரமாகாது என்ற விலக்கை வெள்ளைக்காரன் சட்டத்திலிருந்து எடுத்து வைத்திருக்கின்றார்கள். சட்டத்துக்கு மாத்திரம் பேர் மாறிற்று!

ஆஸ்பத்திரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1844-லேயே பிரசவ ஆஸ்பத்திரி கண்ட பட்டணம் சென்னை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றது, 44.9 வயிற்றைக் கீறி நடக்கின்றது. முன்னதற்காக நாம் பெருமைப்படுகின்றோம். தாய் சாகாமல் வீடு திரும்புகின்றாள் என்பது சாமானிய வெற்றியல்ல. ஆனால் உயிரோடு திரும்பினால் போதும், உடம்பு எப்படிப் போனால் என்ன என்பது இந்தக் காலத்துக்கு அடுக்காது. முக்கும்படி அதட்டுவதும், வயிற்றின்மேல் கைவைத்து அமுக்கிப் பிள்ளையைத் தள்ளுவதும், யாருக்கும் அவசியம் பாராமல் கத்தரித்துத் தைப்பதும் கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018-ல் சொல்லியிருக்கின்றது. அதற்குப் பதிலாக வெந்நீர்த் துணி ஒற்றடம், கையால் நீவித் தாங்கிக்கொடுத்தல் ஆகியவற்றைச் சொல்லுகின்றது. தையல் போடும்போது, 'புருஷனுக்காக ஒரு தையல் கூட' என்று போடும் வழக்கம் பல தேசங்களில் இருந்ததைப் பெண்களே வெளியில் சொல்லியிருக்கின்றார்கள். துணி தைக்கிறவன்கூட உடுத்துகிறவரைக் கேட்டுத்தான் அளவு பிடிக்கின்றான்!

தசையைப் பற்றிச் சொல்லாமல் விட்டதன் கூலி பின்னால் வருகின்றது. 'இறங்கிவிட்டது, எடுத்துவிடு' என்பது சுலபமான வைத்தியமாகிவிட்டது. இந்தியா முழுவதும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்குச் சுமார் 3 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருக்கின்றது என்றால், ஆரம்பாக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் ஆந்திர தேசத்தில் அது 8-க்கும் மேல். எல்லாம் அடியிறக்கத்துக்காக என்று நாம் சொல்லவரவில்லை; காரணம் பல. அனாவசியமாகக் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் விதிகளை அமல் நடத்தும்படி 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே மாகாணங்களுக்கு உத்தரவிட நேர்ந்தது. ஆரம்ப இறக்கத்துக்குப் பயிற்சியே தொந்தரவைக் குறைக்கும். அதற்கு மிஞ்சினால் உள்ளே வைத்துத் தாங்கும் வளையம் உண்டு. கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் ஆபரேஷனும் உண்டு. இவற்றையெல்லாம் சொன்ன பிறகல்லவா 'எடுக்கட்டுமா' என்று கேட்கவேண்டும்?

பெண்களைக் கேட்டால் சொல்லமாட்டார்கள் என்பதும் பொய். 1989-ல் மகாராஷ்டிரத்து கட்சிரோலிக் கிராமங்கள் இரண்டில் டாக்டர் ராணி பங் 650 பெண்களைப் பரிசோதித்தபோது, 92 சதவிகிதம் பேருக்குப் பெண் உறுப்பு சம்பந்தமான நோய் இருந்தது. அதற்கு முன் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவிகிதமே. நமக்குப் பக்கத்தில் செங்கற்பட்டுக் கிராமங்களில் 1981-ல் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் சேர்ந்து தொடங்கிய 'ருவ்செக்' என்னும் ஸ்தாபனத்தைச் சேர்ந்த சுந்தரி ரவீந்திரன் முதலியவர்கள், அடியிறக்கத்தோடு வாழும் பெண்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லி, அவர்கள் அனுபவத்தை 1999-ல் வெளியிட்டார்கள். கேட்க ஆள் இருந்தது, பேசினார்கள்.

1930-களில் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதியவர்களையும் பேசியவர்களையும் 'ஆபாசம்' என்று வைதார்கள். இன்று சர்க்கார் சுவரிலேயே எழுதி ஒட்டுகின்றது. அதே சர்க்கார் அங்கன்வாடிகளின் மூலம் 'சமுதாய வளைகாப்பு' என்று கர்ப்பிணிகளை ஜாதி பாராமல் ஒரே பந்தலில் உட்காரவைத்து, வளையலும் சேலையும் கொடுத்துச் சோறும் போடுகின்றது. வளையலைப் பற்றி நமக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. ஒரே பந்தலில் உட்காருவதை வரவேற்கின்றோம். அந்தப் பந்தலில் அரைமணி நேரம் ஆண்களை வெளியேற்றிவிட்டு, ஒரு செவிலியோ உடற்பயிற்சி வைத்தியரோ மேலே எழுதியதைச் சொல்லிக்கொடுக்கட்டும். மற்றோர் அரைமணி, வெளியேற்றிய ஆண்களைத் தனியே உட்காரவைத்து, மனைவியைக் கேட்பது எப்படி, கர்ப்பிணியின் தலையிலிருந்து கூடையை இறக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கட்டும். இதற்குத் தனி நிதி வேண்டியதில்லை.

அன்று மாலை நாம் புறப்படும் சமயத்தில் அந்தக் கிழவியம்மாள் தோழியரை மறித்து, "புள்ளத்தாச்சிக்குத்தானா, அறுபது வயசுக்காரிக்கும் உண்டா?" என்று கேட்டார். தசைக்கு வயசு தெரியாது, எந்த வயதிலும் செய்யலாம் என்றார் தோழியர். ஆனால் வெளியிலேயே வந்துவிட்டதற்குப் பயிற்சி மாத்திரம் போதாது, வளையம் வைக்கவேண்டுமா ஆபரேஷன் வேண்டுமா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும் என்றும் சொன்னார். "பொம்பள டாக்டரு இருப்பாங்களா?" என்றார் அம்மாள். இருக்கின்ற நாளாகப் பார்த்துப் போகலாம், தாமே கூட வருவதாகத் தோழியர் சொன்னார். "அப்ப திங்கக்கெழம வா. கூடைய எம் மருமவ... வோணாம், அவ புள்ளத்தாச்சி. எம் புள்ளையயே தூக்கச் சொல்றேன்" என்றார்.